சித்ராதேவியின் சுருள் கொக்கி

சித்ராதேவிக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குள்ளும் சாதாரணமாக நுழைந்துவிடுவாள். வெளியே வரும்போதுதான் வாசலில் ஒரு நொடி நிற்பாள். தோளில் தொங்கும் பையின் ஜிப்பை இழுத்து, பையை விரித்துப் பிடிப்பாள். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு மூடிக்கொண்டு நடப்பாள். மளிகைக் கடை, பேங்க், பல் டாக்டர் என்று எல்லா வாசலிலும் இதே கதைதான். ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலில் இப்படி விரித்துப் பிடிக்க, தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், இவள் இன்னும் கேட்கிறாள் என்று நினைத்து இரண்டு தேங்காயைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். அவள் புருஷன் முனீஸ் இந்தத் தேங்காய்க் கதையைச் சொல்லிச் சொல்லியே பாதித் திருப்பூரைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அவன் சிரிக்கலாம். பதினாறு வருஷம் கேட்டில் நின்றவள் அவள்.

ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் சேர்ந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் உருப்படிக்குக் குறையாமல் அவள் கையில் புரளும். கழுத்தை இழுத்துப் பார்ப்பாள், உள்பக்கம் திருப்புவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள். தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று கண்ணுக்கு முந்தி விரல் கண்டுபிடித்துவிடும். பகலெல்லாம் இவள் துணியைச் சோதிப்பாள். சாயங்காலம் கேட்டில் இவளைச் சோதிப்பார்கள். பை, டிபன் பாக்ஸ், இடுப்பு, எதையும் விட மாட்டார்கள். ரசம் கொண்டுபோன பாத்திரத்துக்குள்கூடப் பனியன் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள்கூட அவள் எதையும் எடுத்ததில்லை. ஒரு நாள்கூட அவர்கள் அவளைப் பார்க்காமல் விட்டதும் இல்லை. அந்த வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. கை மட்டும் இன்னும் கேட்டிலேயே நிற்கிறது.

முனீஸுக்கு நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறை. கம்பெனிகளுக்கு டேபிள், தள்ளுவண்டி, வீடுகளுக்கு ஜன்னல் கிரில் என்று வேலை ஓடும். ஒரு நாள் சாக்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்து, கவுண்டர்மேல் வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும், சாக்ஸ் அடிக்கடி காணாமல் போகிறது என்றார். முனீஸ் மூன்று நாள் உட்கார்ந்து செய்தான். கிரில் போட்டே பழகிய கை அல்லவா, இரண்டு ஆள் சேர்ந்துதான் அந்த ஸ்டாண்டைத் தூக்க முடிந்தது.

"எவனாச்சும் இதத் தூக்கிட்டு ஓட முடியுமா?" என்று பெருமையாகக் கேட்டான்.

"ஸ்டாண்டத் தூக்கிட்டு ஓட முடியாது. சாக்ஸத் தூக்கிட்டு நடந்தே போகலாம்," என்றாள் சித்ராதேவி.

சொன்னதோடு விடவில்லை. கட்டிங் மாஸ்டர்கள் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துப் பட்டறைத் தரையிலேயே வரைய ஆரம்பித்தாள். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிப் பார்த்தாள். சாய்வான அடுக்குகள், ஒவ்வொரு ஜோடி சாக்ஸுக்கும் தனி அறை, அறையின் பின்பக்கம் பளீரென்று சிவப்புப் பெயின்ட். ஒரு ஜோடி இடத்தை விட்டு நகர்ந்தால் போதும், அந்த இடத்தில் சிவப்பு பல்லைக் காட்டும். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். எடுக்க வருகிறவனுக்கும் அது தெரியும் என்பதால் பெரும்பாலும் கை நீளவே நீளாது. சாக்ஸ் கடைக்காரர் அடுத்த மாதமே இன்னொன்று கேட்டார். பிறகு கர்சீப் கடை, ஹேர் கிளிப் கடை, செல்போன் கவர் விற்கிறவர் என்று ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். பட்டறைப் பக்கம் அவளை இப்போது எல்லாரும் 'ஸ்டாண்டு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முனீஸை யாரும் 'ஸ்டாண்டு அண்ணன்' என்று கூப்பிடுவதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஸ்மேரி சர்ச் முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வந்தாள்.

ரோஸ்மேரி சாத்தான்குளத்துப் பெண். நல்லூரில் சித்ராதேவி குடியிருக்கும் லைன் வீட்டில் கடைசி வீடு அவளுடையது. பக்கத்திலேயே 'தரணி கிட்ஸ்' என்ற குழந்தைத் துணிக் கடையில் சேல்ஸ் வேலை. வாயைத் திறந்தால் மூடாதவள். அன்றைக்குக் கோழிக் குழம்பைத் தட்டில் வைத்துக்கொண்டு அளைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள். கிளம்பியவள் வாசலில் ஒரு நொடி நின்றாள். தோள்பையின் ஜிப்பை இழுத்து விரித்துப் பிடித்தாள். பிறகு மூடினாள்.

 சித்ராதேவி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏ புள்ள, எத்தன நாளா இது?"

"எதுக்கா?"

"பையத் திறந்து காட்டுறியே, அது."

ரோஸ்மேரி தன் பையையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். மூன்று மாதமாகக் கடையில் கைக்குழந்தைச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அந்தப் பகுதியில் நிற்பது அவள் ஒருத்திதான். முதலாளி தினமும் சாயங்காலம் அவள் பையைப் பார்க்கிறார்.

"திட்டலக்கா. 'தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி'ன்னு சொல்லிட்டுத்தான் பாக்காரு. அது திட்டுகதவிட மோசமா இருக்கு. இந்த மாசம் முடியதுக்குள்ள யாருன்னு தெரியலன்னா வேற எடம் பாத்துக்கிடச் சொல்லிட்டாரு. திருடின்னு பேரோட வெளிய போனா என்னை யாருக்கா வேலைக்குச் சேப்பாவ?"

மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. சித்ராதேவிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தனக்கு நடந்தபோது பதினாறு வருஷம் வராத கோபம், இன்னொருத்திக்கு என்றதும் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. ரோஸ்மேரி ஒரு டைரியை எடுத்துக் காட்டினாள். காணாமல் போன ஒவ்வொரு சட்டைக்கும் நாள், நிறம், டிசைன் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். மொத்தம் இருபத்து மூன்று. சித்ராதேவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"டிசைனுக்கு ஒண்ணுதான் போயிருக்கு. அதுவும் புதுசு வந்த நாலு நாளுக்குள்ள. எல்லாமே பிறந்த பிள்ளை சைஸ். யாரு இந்தத் திருடன், புள்ள? அவன் பிள்ளை வளரவே வளராதா?"

ரோஸ்மேரிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுநாளே சித்ராதேவி முனீஸின் வண்டியில் ஏறி 'தரணி கிட்ஸ்' கடைக்குப் போனாள். முதலாளி தனபால் கெட்ட மனிதர் இல்லை. தெரு நாயைக்கூட "போங்க, போங்க" என்று விரட்டுகிற ஆள். கடையில் நாலு கேமரா வைத்திருந்தார். நடுவே நின்ற பெரிய ரேக்குகள் மறைத்ததில் அந்தக் கேமராக்கள் கண்டதெல்லாம் ஜனங்களின் உச்சந்தலை மட்டும்தான்.

"பொருள் போகாத மாதிரி நான் ஸ்டாண்டு பண்ணித் தரேன் சார். மாசக் கடைசி வரைக்கும் ரோஸ்மேரிய ஒண்ணும் சொல்லாதீங்க. சட்டை நின்னாத்தான் எனக்குக் காசு குடுங்க," என்றாள்.

"செய்யுங்க அம்மிணி. எனக்கென்னுங்க, அந்தப் புள்ளையச் சந்தேகப்படறதுக்கு ஆசையா?" என்றார் தனபால். ஆசையில்லாமல்தான் அன்று சாயங்காலமும் பையைப் பார்த்தார்.

கோபத்தில் செய்த வேலை கோணலாகத்தான் முடியும் என்று சித்ராதேவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் செய்த முதல் ஸ்டாண்டு பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி. அக்ரிலிக் கதவு, உள்ளே விளக்கு, வரிசையாகச் சட்டைகள், சாவி தனபாலிடம். பார்க்க நகைக்கடை மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஒரு சட்டை காணாமல் போகவில்லை. ஒரு சட்டை விற்கவும் இல்லை.

திருப்பூரில் வந்து பனியனைக் கண்ணாடிக்குள் வைத்தால் யார் வாங்குவார்கள்? வருகிற புருஷன் நிட்டிங் ஆபரேட்டராக இருப்பான், பெண்டாட்டி ஓவர்லாக் டெய்லராக இருப்பாள். கூட வந்த மாமியார் இருபது வருஷம் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்த கைமடியாக இருப்பார். கழுத்தை இழுக்காமல், உள்தையலைப் பார்க்காமல், கன்னத்தில் தேய்த்துப் பார்க்காமல் இந்த ஊரில் கோவணத் துணிகூட வாங்க மாட்டார்கள். ஒரு அப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைத் தொட்டுப் பாக்கறதுக்குத் தனியா டிக்கெட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதினாறு வருஷம் துணியைத் தொட்டே பிழைத்தவள், தொட முடியாத ஸ்டாண்டைச் செய்துவிட்டாளே என்று சித்ராதேவி தலையில் அடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய கோளாறு தனபால் வாயிலிருந்து வந்தது.

"பூட்டுப் போட்டா போறதில்ல. பூட்டு இல்லீன்னா போகுது. சாவி என்ற கையில இருக்கறப்போ போறதில்ல. அப்பொ..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. தூரத்தில் நின்ற ரோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். உதவி செய்யப் போய் அவள் கழுத்தில் இன்னொரு கயிற்றை மாட்டிவிட்டோம் என்று சித்ராதேவிக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து முனீஸிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டாள்.

மாதம் முடியப் பத்து நாள். சித்ராதேவி கடைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தாள். செக்கிங் டேபிளில் தான் என்னென்ன செய்தாளோ அதையேதான் எல்லாரும் செய்தார்கள். இழுத்தார்கள், திருப்பினார்கள், வெளிச்சத்துக்குக் காட்டினார்கள். கடைசியில் கன்னத்துக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் குழந்தையின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். இதெல்லாம் நடக்க வேண்டும், சட்டை மட்டும் போகக் கூடாது.

வழி கிடைத்தது பட்டறைக்குப் பக்கத்து நிட்டிங் யூனிட்டில். முனீஸ் அங்கே தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருக்க, இவள் சும்மா மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூம்பாகச் சுற்றிய கோனிலிருந்து நூல் கிளம்பிப் போகிற வழியில் ஒரு சின்னக் கம்பி உண்டு, பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும். நூலை அதில் மாட்ட ஒன்றரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். மாட்டிவிட்டால் மெஷின் என்ன வேகத்தில் ஓடினாலும், நூல் எப்படித் துள்ளினாலும் தானாக வெளியே வராது. எத்தனையோ வருஷமாகப் பார்த்த கம்பிதான்.

"ஏங்க," என்று கத்தினாள் மெஷின் சத்தத்துக்கு மேலே. "இந்த வாலு மாதிரி நாப்பது வளைச்சுக் குடுங்க. பெருசா!"

"எதுக்கு?"

"வளைங்கன்னா வளைங்க!"

நாலு நாளில் ஸ்டாண்டு தயாரானது. இடுப்பளவு உயரம், ஒல்லியான கம்பிகள். கேமராவுக்கும் கல்லாவுக்கும் எதுவும் மறைக்காது. டிசைனுக்கு ஒரு சுருள் கொக்கி. கொக்கியில் ஒரு வளையம், வளையத்திலிருந்து ஒரு முழ எலாஸ்டிக், அதன் நுனியில் குட்டி ஹேங்கர், ஹேங்கரோடு டேக் பின் போட்டுப் பிணைத்த சட்டை. இழுக்கலாம், திருப்பலாம், குழந்தையின் கன்னம்வரை கொண்டுபோகலாம். விட்டால் எலாஸ்டிக் தானாக இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். கழற்ற வேண்டுமானால் வளையத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். கொக்கியின் தலையில் குழந்தைக் கொலுசுச் சலங்கை மூன்று. பதமாகத் தொட்டால் அது பேசாது. பலமாக இழுத்தாலோ கழற்றினாலோ கலகலவென்று கொட்டும். விற்பதற்கான சட்டைகள் கீழே இழுப்பறையில். அதற்கும் ஒரு சலங்கை.

"இழுப்பறைச் சாவி?" என்று கை நீட்டினார் தனபால்.

"ரோஸ்மேரிகிட்ட," என்றாள் சித்ராதேவி.

தனபால் மீசையைத் தடவினார். சித்ராதேவிக்குப் புரிந்தே இருந்தது. இனி ஒரு சட்டை குறைந்தாலும் ரோஸ்மேரி தப்பிக்க வழியே இல்லை. ஆனால் சாவியைக் கொடுக்காமல் அவளைக் காப்பாற்றுவதில் என்ன அர்த்தம்? சாவியை ரோஸ்மேரி பக்கம் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் தனபால், "செரி, அந்தப் புள்ளைகிட்டயே குடுங்க," என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஸ்டாண்டு கடைக்குள் போனது. பத்து மணிக்கெல்லாம் கடை திருவிழாவாகிவிட்டது. சட்டையை இழுத்து விட்டால் அது குதித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக் குழந்தைகள் கெக்கலித்தன. ஒரு குட்டிப் பையன் சலங்கையை விடவே மாட்டேன் என்று உருண்டு அழுது, அவன் அம்மா வேறு வழியில்லாமல் மூன்று சட்டை வாங்கிக்கொண்டு போனாள். இழுப்பறைச் சலங்கை ஒலிக்கும்போதெல்லாம் ரோஸ்மேரி, "வித்தாச்சு!" என்று கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரல் அந்தக் கடையில் அப்படிக் கேட்டது. ஆனாலும் சாயங்காலம் பையைக் காட்டிவிட்டுத்தான் போனாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

சனிக்கிழமை மாதத்தின் கடைசி நாள். ஒரு கொக்கி இறுகிக்கொண்டது என்று சித்ராதேவி டூல்ஸ் பையோடு வந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்குத் தனபாலின் மச்சான் திருமூர்த்தி வந்தார். தனபாலின் மனைவிக்கு அண்ணன். சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல் பை, வாய் நிறையச் சிரிப்பு. வாரத்துக்கு இரண்டு முறை டீ குடிக்க வருவார்.

"என்னுங்க மாப்ளை, கடையில புதுசா என்னமோ நிக்குது," என்றார்.

"ஸ்டாண்டுங்க மச்சான். டீ சொல்றேன், உக்காருங்க," என்று தனபால் போனை எடுத்தார்.

திருமூர்த்தி உட்காரவில்லை. ஸ்டாண்டுக்கு முன்னால் நின்று அன்று காலையில்தான் மாட்டியிருந்த புது டிசைன் ஒன்றை இழுத்தார். தோள் மேல் தோள் மடிந்த கழுத்து, வெளிர் மஞ்சள். திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்புறம், நம் வீட்டு மேஜையிலிருந்து நம் மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி, அதை ஹேங்கரோடு சாதாரணமாகத் தோல் பைக்குள் போட்டு ஜிப்பை முக்கால்வாசி இழுத்தார். தனபாலைப் பார்த்துப் பேசியபடியே கல்லாவை நோக்கி நடந்தார். "பவானியில நம்ம பங்காளி பையனுக்குப் பொண்ணு பாத்தாங்களே, அது..."

இரண்டு அடி. எலாஸ்டிக் நீண்டது. மூன்றாவது அடியில் பை பக்கவாட்டில் சாய்ந்தது. நாலாவது அடியில் சட்டை ஜிப்பைப் பிளந்துகொண்டு பையிலிருந்து எகிறிக் குதித்து, கடை முழுக்கப் பறந்து, தன் கொக்கியில் போய் நின்றது. மூன்று சலங்கையும் கொட்டு கொட்டென்று கொட்டின.

கடையில் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். 

திருமூர்த்திக்கு வெட்கம் எல்லாம் ஒன்றும் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. "அட! இது என்னங்க இப்படித் துள்ளுது? ஏனுங்க ரோஸ்மேரி, இதைக் கொஞ்சம் கழட்டி உடுங்க."

"எதுக்குங்க மச்சான்?" என்றார் தனபால், மெல்ல எழுந்து.

"சாம்பிளுக்குத்தானுங்க மாப்ளை. எப்பவும் எடுக்கறதுதான."

"எப்பவுமா?"

"பின்ன? புது டிசைன் வந்தா நமக்கு ஒரு சாம்பிள் வேண்டாமுங்களா?"

இந்த ஊரை அறியாதவர்களுக்கு இது புரியாது. திருப்பூரில் பத்து ரூபாயைத் தொட்டால் திருட்டு. பார்த்துத் தைக்க ஒரு உருப்படியைச் சாம்பிளுக்கு எடுத்தால் அது தொழில். அடுத்தவன் மேஜையில் கிடக்கும் பனியனை எடுத்து உள்தையலைப் பார்த்துக்கொண்டே வெளியே நடக்கிறவரை யாரும் தடுக்க மாட்டார்கள். அவருக்கும் தான் ஏதோ எடுத்துக்கொண்டு போகிறோம் என்றே தோன்றாது. திருமூர்த்தி கனவில்கூடத் தன்னைத் திருடன் என்று நினைத்திருக்க மாட்டார்.

சித்ராதேவி எழுந்து நின்றாள். "அண்ணா, இதுவரைக்கும் எத்தன சாம்பிள் எடுத்திருப்பீங்க?" என்று கேட்டாள். 

"கணக்கு யாரு வெச்சா? எல்லாம் ஆபீசுல பத்திரமா இருக்குதுங்க," என்று அவரே போன் போட்டார். கால் மணி நேரத்தில் அவர் யூனிட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. தனபால் அதைக் கல்லாமேல் கவிழ்த்தார். கைக்குழந்தைச் சட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அதில் தேதி, கூடவே 'தரணி கிட்ஸ்' என்று அழகான கையெழுத்து. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சாசர் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. துணியின் கனத்தை அளக்க வட்டக் கத்தியால் வெட்டி எடுத்து எடை போட்டிருக்கிறார்கள்.

ரோஸ்மேரி டைரியைத் திறந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். சித்ராதேவி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பச்சை வாத்து, இருக்கிறது. நீலக் கோடு, இருக்கிறது. வெள்ளையில் நிலா, இருக்கிறது. இருபத்து மூன்றும் இருந்தன. கடைசிச் சட்டையைத் தனபால் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். வட்ட ஓட்டைக்குள் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. 

"அம்மிணி," என்றார் ரோஸ்மேரியிடம், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். "நான் பெரிய தப்புப் பண்ணிப்போட்டனுங்க. ஊட்டு ஆளையே பக்கத்துல உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துப்போட்டு, உங்க பையப் பாத்தனுங்க. மன்னிச்சுக்கோங்க."

ரோஸ்மேரி டைரியை மூடினாள். "இனிமே என் பையப் பாக்கக் கூடாது சார்," என்றாள்.

"சத்தியமா மாட்டனுங்க."

அப்போதுதான் திருமூர்த்திக்கு விஷயம் உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. "அட சாமி! என்னாலயா இந்தப் புள்ளைய..." என்று தடுமாறியவர், ரோஸ்மேரிக்கு முன்னால் போய்த் தன் தோல் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "பாருங்க அம்மிணி. நல்லாப் பாருங்க. இனி நான் வர்றப்பவும் பாருங்க, போறப்பவும் பாருங்க."

ரோஸ்மேரி விடவில்லை. சிரிக்காமல், கேட்டில் நிற்கிற ஆள் மாதிரியே உள்ளே கையை விட்டுத் துழாவினாள். செக் புத்தகம், மாத்திரை, ஒரு குழந்தைச் சட்டை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அது என்றதுங்க! நம்ம யூனிட்டுல தெச்சது!" என்று பதறினார் திருமூர்த்தி. பச்சை வாத்தைப் பார்த்துத் தைத்த பச்சை வாத்துதான்.

ரோஸ்மேரி அதைச் சித்ராதேவியிடம் நீட்டினாள். சித்ராதேவி கழுத்தை இழுத்தாள், உள்பக்கம் திருப்பினாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "தோள்ல தையல் தடிச்சுக் கெடக்கு அண்ணா. பிள்ளைக்கு உறுத்தும். செக்கிங்ல போடாம நேரா எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் தனபால். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

திருமூர்த்தி டீயைக் குடித்து முடித்துவிட்டு ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுருள் கொக்கியைத் தடவிப் பார்த்தார். "நல்ல மூளைங்க அம்மிணி உங்களுக்கு. இந்தக் கொக்கி ஒண்ணு குடுங்களேன், சாம்பிளுக்கு."

"சாம்பிள் எல்லாம் கெடையாது. ஆர்டர் குடுங்க, செஞ்சு தரேன்," என்றாள் சித்ராதேவி.

மதியம் ஒரு மணிக்கு முனீஸ் வண்டியோடு வந்தான். சித்ராதேவி ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டினாள். ரோஸ்மேரி இழுப்பறைச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "நாளைக்குச் சர்ச் முடிச்சு வாரேன்க்கா, கோழி எடுத்து வையுங்க," என்று உள்ளிருந்து கத்தினாள். "முழுசா எடுத்து வைக்கேன், வா!" என்று அவள் பேச்சிலேயே பதில் கத்திவிட்டுச் சித்ராதேவி வந்து வண்டியில் ஏறினாள். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். சட்டை பறந்ததைச் சொல்லும்போது முனீஸ் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

நல்லூர் முக்கில் அவன் சட்டென்று வண்டியை ஓரம் கட்டினான்.

"என்னங்க? பெட்ரோலா?"

முனீஸ் திரும்பி அவளைப் பார்த்தான். "சித்ரா, நீ பையத் திறக்கல."

"என்ன?"

"கடை வாசல்ல. ரோஸ்மேரிகிட்டக் கத்திக்கிட்டே நேரா வந்து ஏறிட்ட. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சித்ராதேவி தோள்பையைப் பார்த்தாள். ஜிப் மூடியபடியே இருந்தது. அவள் அதைக் கையால் தடவினாள்.   

"இப்ப என்ன, திரும்பிப் போயிக் காட்டிட்டு வரவா?" என்றாள்.

முனீஸ் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.